அலிகேட்டர் ரெக்கார்ட்ஸும் சிகாகோ எலெக்ட்ரிக் ப்ளூஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸைக் கேட்க ஆரம்பிக்கும் நண்பர்கள் சில வாரங்களிலேயே அலிகேட்டர் என்ற சிகாகோ ரெக்கார்டு லேபிளின் (இசைத்தட்டு நிறுவனத்தின்) பெயரில் வந்து நிற்பார்கள். அப்புறம் கேள்விகள் வரும், பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள். அவற்றையும் என் பதில்களையும் இங்கே மொத்தமாகப் போட்டுவைக்கிறேன்.

எலெக்ட்ரிக் ப்ளூஸ் என்பது என்ன? வெறும் ப்ளூஸுக்கு மின்சாரம் கொடுத்தால் போதுமா?

கிட்டத்தட்ட அதுதான். ஆனால் மின்சாரம் வந்ததும் பாட்டின் குணமே மாறிவிட்டது.

மிசிசிப்பியின் பருத்திக் காடுகளில் கூலி வேலை செய்த கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே போனார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதை ஒட்டியும் இல்லினாய் சென்ட்ரல் ரயிலேறி சிகாகோவில் இறங்கியவர்கள் ஏராளம். இரும்பு ஆலை, இறைச்சித் தொழிற்சாலை என்று வேலை கிடைத்தது. சாயங்காலம் தெற்குப் பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் இருந்த பார்களில் கூட்டம். அந்த இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவே இல்லை. 1943-இல் வந்து சேர்ந்த மடி வாட்டர்ஸ் போன்றவர்கள் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார்கள். லிட்டில் வால்டர் மவுத் ஆர்கனையும் மைக்கையும் ஒரே கைப்பிடிக்குள் பொத்திப் பிடித்து ஊதினார். ஆம்ப் என்ற ஒலிபெருக்கி வழியாக வரும்போது அது சாக்ஸபோன் அளவுக்குக் கனத்துப்போனது.

கட்டமைப்பு எளிமையானது. பன்னிரண்டு பார் (தாள அளவு), மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு). முதல் வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரியில் பதில் வரும். வரிகளுக்கு நடுவில் கிட்டாரோ மவுத் ஆர்கனோ பேசும். சின்ன ஆம்பை முழு சத்தத்தில் வைத்தால் ஒலி கரகரவென்று உடையும். முதலில் அது கருவியின் குறை. கொஞ்ச நாளில் அதுவே ருசியாகிவிட்டது.

அலிகேட்டர் எப்படித் தொடங்கியது?

ஒரு குமாஸ்தாவின் பிடிவாதத்தில்.

புரூஸ் இக்லாவர் விஸ்கான்சினில் லாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1966-இல் சிகாகோவில் ஒரு நாட்டுப்புற இசை விழாவில் மிசிசிப்பி பிரெட் மெக்டவலைக் கேட்டுவிட்டு ப்ளூஸ் பைத்தியம் பிடித்தவர். 1970-இல் சிகாகோவுக்கே வந்து, பாப் கோஸ்டர் நடத்திய டெல்மார்க் ரெக்கார்ட்ஸில் பார்சல் கட்டி அனுப்பும் வேலைக்குச் சேர்ந்தார். டெல்மார்க் அப்போதே பெரிய பெயர். ஜூனியர் வெல்ஸின் 'ஹூடூ மேன் ப்ளூஸ்' (1965), மேஜிக் சாமின் 'வெஸ்ட் சைட் சோல்' (1967) இரண்டும் அவர்கள் போட்டவை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இக்லாவர் தெற்குப் பகுதியில் இருந்த ஃபுளோரன்ஸஸ் லவுஞ்ச் என்ற பாருக்குப் போவார். அங்கே ஹவுண்ட் டாக் டெய்லரும் அவருடைய ஹவுஸ்ராக்கர்ஸ் குழுவும் வாசிப்பார்கள். இவர்களைப் பதிவு செய்யுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தார். கோஸ்டருக்கு ஆர்வம் வரவில்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று பரம்பரைப் பணமாகக் கைக்கு வந்திருந்த 2,500 டாலரை எடுத்துப் போட்டார். 1971-இல் இரண்டு இரவுகளில் பதிவு முடிந்தது. முதலில் அச்சடித்தது 1,000 பிரதிகள். அப்போது அவருக்கு வயது 23.

முதலைக்கும் ப்ளூஸுக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றும் இல்லை. பாட்டுக் கேட்கும்போது தாளத்துக்குப் பல்லைக் கடகடவென்று தட்டும் பழக்கம் இக்லாவருக்கு உண்டு. அதனால் வந்த பட்டப்பெயர்.

அந்த முதல் ரெக்கார்டில் அப்படி என்ன இருக்கிறது? எல்லோரும் அதையே சொல்கிறார்களே?

நானும் அதையேதான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஆளைப் பார்ப்போம். தியடோர் ரூஸ்வெல்ட் டெய்லர், மிசிசிப்பிக்காரர், 1942-இல் சிகாகோ வந்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் முதல் ஆல்பம் வருகிறது. இடது கையில் ஆறு விரல். கையில் ஜப்பானில் செய்த மலிவு விலை கிட்டார். ஆம்ப், சியர்ஸ் கடைகளில் விற்ற சில்வர்டோன். அதன் ஸ்பீக்கர் கிழிந்தே இருந்தது. விரலில் இரும்புக் குழாய் மாட்டி அதைத் தந்தி மேல் வழுக்கி வாசிப்பார், ஸ்லைடு என்பார்கள். நம் கோட்டு வாத்தியத்தில் கட்டையைத் தந்தி மேல் நகர்த்துவது போலத்தான். ஆனால் இங்கே கமகத்தின் நளினத்தைத் தேடாதீர்கள். ரம்பம் போடுவது மாதிரி இருக்கும்.

குழுவில் மூன்றே பேர், பாஸ் கிட்டார் வாசிக்க ஆளே கிடையாது. ரெக்கார்டை இரண்டாம் தடவை கேட்கும்போது ஹவுண்ட் டாக்கை விட்டுவிட்டு புரூவர் பிலிப்ஸை மட்டும் கவனியுங்கள். அவர் டெலிகாஸ்டர் கிட்டாரின் கீழ்த் தந்திகளில் பாஸ் வரியை நடத்திக்கொண்டே போவார். ஹவுண்ட் டாக் கொஞ்சம் மூச்சு விட்டால் மேலே தாவி ஒரு கீச்சல் போட்டுவிட்டு மறுபடி கீழே இறங்கிவிடுவார். பின்னால் டெட் ஹார்வியின் டிரம்ஸ் ஒரு கணம்கூடத் தளராது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பதும், சேர்ந்தே வந்து விழுவதும், எல்லாமே அதில் இருக்கிறது.

ஒரு தயாரிப்பாளர் இதைப் பார்த்ததும் செய்யக்கூடிய முதல் வேலை, நல்ல கிட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்து, ஸ்பீக்கரை மாற்றி, பாஸ் வாசிக்க ஓர் ஆளைக் கூட்டிவருவது. இக்லாவர் இது எதையும் செய்யவில்லை. அந்த லேபிளின் மொத்தக் கொள்கையும் இந்தச் சும்மா இருத்தலில் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். ஞாயிறு மதியம் பாரில் என்ன கேட்டதோ அதுதான் தட்டில் வரவேண்டும்.

தான் செத்த பிறகு ஊர் என்ன சொல்லும் என்று ஹவுண்ட் டாக்கே சொல்லி வைத்திருந்தார். அவனுக்கு வாசிக்கவே தெரியாது, ஆனால் கேட்க நன்றாக இருந்தது என்பார்களாம். 1975 டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார். அலிகேட்டரில் அவர் இருந்தது நான்கைந்து வருடம்தான்.

ஏற்கெனவே செஸ் ரெக்கார்ட்ஸ் போன்ற பெரிய பெயர்கள் இருந்தனவே. புதிதாக ஒரு லேபிள் எதற்கு?

1971-இல் அவை கிட்டத்தட்ட இல்லை, அதுதான் விஷயம். மேற்குப் பகுதியின் இளம் கிட்டார் கலைஞர்களுக்கு வழிவிட்ட கோப்ரா 1959-இல் மூடிவிட்டது. வீ-ஜே 1966-இல் திவால். செஸ் 1969-இல் ஒரு டேப் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அதே வருடம் அதை நடத்திய லெனார்ட் செஸ் இறந்தார். சில வருடங்களில் கடையே காலி.

கேட்பவர்களும் மாறியிருந்தார்கள். கறுப்பின இளைஞர்களுக்கு அப்போது சோல் இசைதான் எல்லாம். ப்ளூஸ் என்றால் அப்பா கேட்கும் பாட்டு, தெற்கத்திய பருத்திக் காட்டு ஞாபகம். வெள்ளைக்கார இளைஞர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ் வழியாக ப்ளூஸைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது ஏழெட்டுப் பெரிய பெயர்கள். நடுவில் சிகாகோவில் வாரத்துக்கு நான்கு இரவு வாசித்துக்கொண்டு, பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஐம்பது அறுபது அருமையான ஆட்கள் இருந்தார்கள். அவர்களைப் பதிவு செய்ய ஆள் இல்லை.

ஒரு ஆள் நடத்தும் கம்பெனி எப்படித் தாக்குப்பிடித்தது?

ஒரு ரெக்கார்டு விற்ற காசில் அடுத்த ரெக்கார்டு. முதல் சில வருடங்களில் வருடத்துக்கு ஒன்று வந்தாலே பெரிது. அலுவலகம், கிடங்கு, படுக்கையறை எல்லாமே ஒரே வீடு.

அந்தக் காலத்து அமெரிக்க எஃப்.எம். நிலையங்களில் என்ன பாட்டுப் போடுவது என்பதை அறிவிப்பாளரே முடிவு செய்வார். இக்லாவர் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு நிலையத்திலும் நேரில் ரெக்கார்டைக் கொடுத்தார். அதே பயணத்தில் கடைகளையும் விநியோகஸ்தர்களையும் பார்த்தார். ஹவுண்ட் டாக்குக்கு மேனேஜரும் அவரே, நிகழ்ச்சி பிடித்துக் கொடுப்பவரும் அவரே, சில சமயம் வண்டி ஓட்டுபவரும் அவரே. பார் கூலியில் வாசித்துக்கொண்டிருந்த குழு, கல்லூரிகளுக்கும் வெளியூர் கிளப்புகளுக்கும் போனது.

சிறிய லேபிள்கள் பல இந்த இடத்தில்தான் கோட்டைவிடும். ரெக்கார்டு போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். ப்ளூஸ்காரருக்குப் பிழைப்பு மேடையில். ரெக்கார்டு அவரை அடுத்த ஊர் மேடைக்குக் கூட்டிப்போக வேண்டும். இல்லாவிட்டால் அது அலமாரியில்தான் கிடக்கும்.

ஹவுண்ட் டாக்குக்குப் பிறகு முக்கியமானவர்கள் யார்?

பட்டியல் போட்டால் முடியாது. எனக்கு முக்கியமாகப் படுபவர்களை மட்டும் சொல்கிறேன்.

சன் சீல்ஸ்: ஆர்கன்சாஸில் தந்தை நடத்திய ஜூக் ஜாயின்டில் (குடியும் பாட்டும் ஆட்டமுமான கூடம்) வளர்ந்தவர். இவரைப் பற்றி இக்லாவருக்குத் தெரியவந்தது போனில். ஒரு நண்பர் கிளப்பிலிருந்து கூப்பிட்டு, ரிசீவரை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்தார். 1973-இல் முதல் ஆல்பம். கோபக்காரக் கிட்டார். வயதானவர்களின் இசை என்று பேர் வாங்கியிருந்த ப்ளூஸில் முப்பது வயது ஆள் இவ்வளவு சூடாக வாசித்தது அப்போது பெரிய செய்தி.

கோகோ டெய்லர்: டென்னசியிலிருந்து சிகாகோவுக்கு வந்து பணக்கார வீடுகளில் வேலை செய்தவர். 1966-இல் செஸ்ஸில் 'வாங் டேங் டூடுல்' என்ற பெரிய வெற்றி. செஸ் சரிந்ததும் போக்கிடம் இல்லை. 1975-இல் அலிகேட்டரின் முதல் பெண் பாடகியாக வந்தார். அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் வேறு எங்கும் போகவில்லை. 2009-இல் இறப்பதற்குச் சில வாரம் முன்புகூட மேடையில் பாடினார். ப்ளூஸின் ராணி என்பார்கள். அந்தத் தொண்டையைக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஃபென்டன் ராபின்சன்: அலிகேட்டர் என்றாலே கரடுமுரடு என்று நினைப்பவர்களுக்கு 1974-இல் வந்த இவருடைய 'சம்படி லோன் மீ எ டைம்' ஆல்பத்தைக் கொடுப்பேன். ஜாஸ் வாசனை அடிக்கும் கார்டுகள், பட்டுப் போன்ற குரல். தலைப்புப் பாட்டு இவருடையது. ஆனால் 1969-இல் ஒரு ராக் பாடகரின் ஆல்பத்தில் அந்தப் பாடகரின் பெயரிலேயே வந்து, வழக்கு வரை போனது. ப்ளூஸ் உலகில் இது புதுக்கதை அல்ல.

ஆல்பர்ட் காலின்ஸ்: டெக்சாஸ்காரர். 1978-இல் வந்த 'ஐஸ் பிக்கின்' இன்றும் புதிதாக ஒலிக்கிறது. மீட்டுகோல் இல்லாமல் விரலாலேயே தந்தியைச் சுண்டுவார். கிட்டாருக்கு மிக நீளமான வயர் வைத்திருப்பார். வாசித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்துக்குள் நடந்து, கிளப் வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விடுவார். பேண்ட் உள்ளே தாளம் போட்டுக்கொண்டு நிற்கும்.

இவர்களோடு 'லிவிங் சிகாகோ ப்ளூஸ்' வரிசையைச் சொல்லாமல் விட முடியாது. 1978-லிருந்து 1980 வரை ஆறு தட்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று குழுக்கள், மொத்தம் பதினெட்டு. மேஜிக் ஸ்லிம், ஜிம்மி ஜான்சன், லோனி ப்ரூக்ஸ், பைன்டாப் பெர்கின்ஸ் எல்லோரும் அதில் உண்டு. இடது கைக்காரர் பிராங்க் போல வெளியூருக்குப் பெயரே தெரியாதவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அலிகேட்டர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். ஒரு நகரம் ஒரு காலத்தில் எப்படி ஒலித்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது.

மரபைக் காப்பாற்றுவது என்றால் பழைய பாட்டையே திரும்பத் திரும்ப வாசிப்பதா?

அப்படி வாசிக்கும் குழுக்களும் இருக்கின்றன. அதே கோட்டு, அதே காலத்து மைக், 1955 மாதிரியே ஒலி. சுத்தமாக இருக்கும், பத்து நிமிடத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அலிகேட்டர் பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. லில் எட் வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே.பி. ஹட்டோ என்ற பழைய ஸ்லைடு கிட்டார் கலைஞரின் மருமகன், பகலில் கார் கழுவும் இடத்தில் வேலை. 1986-இல் இளம் கலைஞர்களின் தொகுப்பு ஒன்றுக்கு இரண்டு பாட்டு பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். ஸ்டூடியோ என்பதை மறந்து, எதிரில் கூட்டம் இருப்பது போலக் குதித்துக் குதித்து வாசிக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நிறுத்த மனம் வரவில்லை. மூன்று மணி நேரத்தில் முப்பது பாட்டு. அதிலிருந்துதான் அவருடைய முதல் ஆல்பம் 'ரஃப்ஹவுசின்' வந்தது.

மாமாவிடமிருந்து மருமகனுக்கு வந்த வித்தை, அதே பார் கூட்டத்துக்காக வாசிக்கும் பழக்கம். மரபு தொடர்வது அந்த வழியில். கிட்டார் எந்த வருடத்து மாடல் என்பதெல்லாம் அப்புறம்.

முதலாளி வெள்ளைக்காரர், கலைஞர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். இது பழைய சுரண்டல் கதைதானே?

கேள்வி நியாயமானது. ப்ளூஸ் வரலாற்றில் பாட்டை எழுதியவருக்கு உரிமைத் தொகை போய்ச் சேராத கதைகள் நிறைய. மடி வாட்டர்ஸும் வில்லி டிக்சனும் தங்கள் பாட்டு உரிமைகளுக்காக 1970களில் செஸ் சகோதரர்களின் பதிப்பு நிறுவனத்தின் மீது வழக்குப் போட வேண்டியிருந்தது.

அலிகேட்டர் அந்த நிழலுக்கு வெளியே பிறந்த லேபிள் அல்ல. தீர்ப்பு சொல்ல நான் கணக்குப் புத்தகம் பார்த்தவனும் அல்ல. ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. கோகோ டெய்லர், லில் எட் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார்கள். அதே சமயம், எந்தக் கலைஞர் பதிவாக வேண்டும், எது அசல் ப்ளூஸ் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரு வெளி ஆளின் ரசனையில் இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அலிகேட்டர் முத்திரை இருந்தாலே நல்ல ரெக்கார்டா?

இல்லை. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து வந்த சிலவற்றில் டிரம்ஸ் ஒலி அந்தக் காலத்து ராக் ஆல்பங்கள் மாதிரி பெருத்துவிட்டது. கிட்டார் சோலோக்களும் நீண்டுகொண்டே போயின. 1984-இல் டெக்சாஸ் ராக் நட்சத்திரம் ஜானி வின்டர் வந்து சேர்ந்ததும் விற்பனை கூடியது. அவர் நல்ல ப்ளூஸ்காரர்தான். ஆனால் அதன் பிறகு வந்த பலர் அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எழுபதுகளின் ரெக்கார்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். பிந்தையவற்றைக் கேட்டுவிட்டு வாங்குவேன்.

கிராமி விருது கிடைத்திருக்கிறதா?

உண்டு. முதலில் வாங்கித் தந்தது ப்ளூஸ்கூட அல்ல, லூசியானாவின் ஸைடெகோ இசை: கிளிஃப்டன் ஷெனியேவின் 'ஐயாம் ஹியர்!'. அடுத்து ஆல்பர்ட் காலின்ஸ், ராபர்ட் கிரே, ஜானி கோப்லேண்ட் மூவரும் சேர்ந்து வாசித்த 'ஷோடவுன்!' (1985). 2022-இல் கிங்ஃபிஷ் இங்ராமின் '662'.

இப்போது வாசிப்பவர்களில் யாரைக் கேட்கலாம்?

கிங்ஃபிஷ்தான் முதலில். முழுப் பெயர் கிறிஸ்டோன் இங்ராம், 1999-இல் பிறந்தவர், மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலைச் சேர்ந்தவர். அங்குள்ள டெல்டா ப்ளூஸ் மியூசியம் நடத்தும் வகுப்பில் கற்றுக்கொண்டவர். ஆல்பத்தின் தலைப்பான 662, வடக்கு மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியீட்டு எண்.

ஷெமிகியா கோப்லேண்ட், மேலே சொன்ன ஜானி கோப்லேண்டின் மகள். அலிகேட்டரில் முதல் ஆல்பம் 1998-இல். அமெரிக்க அரசியல், இனம், துப்பாக்கி என்று இன்றைய விஷயங்களைப் பாட்டில் கொண்டுவருகிறார்.

டொரான்சோ கேனனை எனக்குத் தனியாகப் பிடிக்கும். சிகாகோ மாநகரப் பேருந்து ஓட்டுநராக வேலை பார்த்துக்கொண்டே, விடுப்பு நாட்களைச் சேர்த்துவைத்து வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போனவர். 2016-இல் வந்த 'தி சிகாகோ வே' ஆல்பத்தில் பாட்டு எழுதும் திறமை தெரியும்.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு இப்படிப்பட்ட லேபிள்கள் எப்படி ஓடுகின்றன?

சிரமப்பட்டுத்தான். ஒருவர் பாட்டைக் கேட்டால் கிடைப்பது சில்லறை. கோடிக்கணக்கில் கேட்கப்படும் பாட்டுக்கு அது கட்டுப்படியாகும், ப்ளூஸுக்கு ஆகாது. ஐம்பது வருடமாகச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட ஆல்பங்களின் பழைய சரக்கு அலிகேட்டருக்குக் கைகொடுக்கிறது. சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் பாட்டைக் கொடுத்து வரும் உரிமைத் தொகை இருக்கிறது. கலைஞர்களுக்கு, கச்சேரி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு சிடியும் டி-ஷர்ட்டும் விற்பது இன்றும் முக்கியமான வருமானம்.

இதே வேலையைச் செய்யும் வேறு லேபிள்கள்?

டெல்மார்க் இன்னும் இருக்கிறது. கோஸ்டர் 2018-இல் அதை விற்றார், 2021-இல் இறந்தார். சிகாகோவில் இயர்விக், மிச்சிகனில் தொடங்கிய பிளைண்ட் பிக், மிசிசிப்பியில் ஆர்.எல். பர்ன்சைட், ஜூனியர் கிம்ப்ரோ இருவரையும் உலகுக்குக் காட்டிய ஃபேட் பாசம். கலிபோர்னியாவின் ஆர்ஹூலி 1960-லிருந்து பதிவு செய்தவை இப்போது ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வசம்.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஹவுண்ட் டாக் டெய்லரின் முதல் ஆல்பம், கொஞ்சம் சத்தமாக. இயர்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஃபென்டன் ராபின்சன். பிடித்தால் 'ஐஸ் பிக்கின்', அப்புறம் 'லிவிங் சிகாகோ ப்ளூஸ்' முதல் தட்டு. தொகுப்பு ஆல்பங்களில் தொடங்க வேண்டாம். இருபது பேர் ஆளுக்கொரு பாட்டுப் பாடினால் யாரும் மனதில் நிற்க மாட்டார்கள்.

சிகாகோ போனால் இதை நேரில் கேட்க முடியுமா?

ஃபுளோரன்ஸஸ் இப்போது இல்லை. கோஸ்டரின் ஜாஸ் ரெக்கார்டு மார்ட் கடையும் 2016-இல் மூடிவிட்டது. ரோசாஸ் லவுஞ்ச், கிங்ஸ்டன் மைன்ஸ், கிட்டார் கலைஞர் படி கை (Buddy Guy) பெயரிலான லெஜண்ட்ஸ் ஆகியவை பழைய கிளப்புகள். போகும் முன் அன்று யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்தை நீங்களே திட்டமிட முடியும் என்றால் ஜூனில் போங்கள். 1984-லிருந்து நடக்கும் சிகாகோ ப்ளூஸ் விழா அப்போதுதான். இப்போது மில்லேனியம் பார்க்கில் நடக்கிறது, டிக்கெட் கிடையாது. பெரிய மேடையை விடச் சின்ன மேடைகளில் மதியம் வாசிப்பவர்களைத்தான் நான் முதலில் தேடுவேன்.